மிளகுக் காரத்தை கம்ப்யூட்டர்ல கட்டிப் பாக்கலாம்: 3டி மூலக்கூறு மாடலிங், ஆரம்பத்துல இருந்து

ரசத்துக்கு மிளகு தட்டிப் போட்டா தொண்டையில போய் பிடிக்குதே ஒரு காரம், அதுக்குக் காரணம் பைப்பரின்னு ஒரு மூலக்கூறு. மிளகோட எடையில சுமாரா 5-ல இருந்து 9 சதவீதம் வரைக்கும் இதுதான். 1819-ல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் இதை மிளகுல இருந்து பிரிச்சு எடுத்தாரு, அடுத்த வருஷம் கரண்ட் ஓடுற கம்பிக்குப் பக்கத்துல காந்த ஊசி திரும்புதுன்னு உலகத்துக்குச் சொன்னாரே, அதே ஓர்ஸ்டெட்தான். ஒரு பைப்பரின்ல 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன், 1 நைட்ரஜன், கூட்டிப் பாத்தா 40 அணு.

இப்ப கம்ப்யூட்டர் பக்கம் வாங்க. ஸ்கிரீன்ல கலர் கலரா உருண்டையும் குச்சியுமா சுத்துதே, அதுக்கு அடியில என்ன இருக்குன்னா வெறும் எண்கள்தான். ஒவ்வொரு அணுவும் எங்க உக்காந்திருக்குன்னு சொல்ல எக்ஸ், ஒய், இசட்னு மூணு எண் வேணும், அப்ப 40 அணுவுக்கு 120 எண். பைப்பரினை 3டி-யில கட்டுறதுன்னா அந்த 120 எண்ணையும் சரியா கண்டுபிடிக்கிறதுதான். சாஃப்ட்வேர்ல நாம பண்ற வரையுறது, இழுக்குறது, ஆப்டிமைஸ் பட்டனை அழுத்துறது எல்லாமே இந்த எண்களைத் திருத்துற வேலைதான், இது மனசுல பதிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரிய ஆரம்பிக்கும்.

நம்பிக்கை வரலன்னா இப்பவே ஒண்ணு பண்ணிப் பாருங்க, எந்த மாடலிங் சாஃப்ட்வேரும் வேணாம், நோட்பேட் போதும். அதுல அஞ்சு வரி டைப் பண்ணுங்க:

3
தண்ணி
ஓ 0.00 0.00 0.00
ஹெச் 0.96 0.00 0.00
ஹெச் -0.24 0.93 0.00

ஓ, ஹெச் ரெண்டையும் இங்கிலீஷ் பெரிய எழுத்துல அடிக்கணும், ஃபைல் பேருக்குக் கடைசியில புள்ளி வச்சு எக்ஸ் ஒய் இசட்னு போட்டு சேவ் பண்ணணும், அவ்வளவுதான். முதல் வரி எத்தனை அணுன்னு சொல்லுது, ரெண்டாவது வரியில நீங்க என்ன வேணா எழுதிக்கலாம், அதுக்கப்புறம் வரிக்கு ஒரு அணு. எண்கள் எல்லாம் ஆங்ஸ்ட்ராம்ல, அதாவது ஒரு மீட்டரை ஆயிரம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு. ஆக்சிஜனை நடுவுல வச்சாச்சு, ஒரு ஹைட்ரஜனை அதுல இருந்து 0.96 தள்ளி நேரா வச்சாச்சு, இன்னொண்ணை 104.5 டிகிரி கோணத்துல அதே தூரத்துல வச்சா அதோட எக்ஸ் -0.24, ஒய் 0.93, ப்ளஸ் ஒன்ல படிச்ச சைன் காஸ்தான் இது, வேற ஒண்ணுமில்ல. இந்த ஃபைலை எந்த மாலிக்யூல் வியூவர்ல திறந்தாலும் சிவப்பு உருண்டைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை உருண்டையோட தண்ணி மூலக்கூறு வந்து நிக்கும். நான் முதல் தடவை இப்படி கையால எழுதின ஃபைலைத் திறந்தப்ப எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு, பாடப்புத்தகத்துல தட்டையா இருந்த ஒரு விஷயத்தை நானே இடத்துல நிறுத்தின மாதிரி.

ஏன் ஆக்சிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளைன்னு கேட்டா, இது கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னாடியே வந்த பழக்கம். 1865-ல லண்டன்ல ஹோஃப்மன்னு ஒரு வேதியியல் பேராசிரியர் குரோக்கே விளையாடுற மரப்பந்துகளுக்கு பெயின்ட் அடிச்சு குச்சியால கோத்து சொற்பொழிவுல காட்டினாரு, கார்பன் கருப்பு, நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு, குளோரின் பச்சை. ஆனா அவரோட மாடல் எல்லாம் தட்டையா ஒரே தளத்துல இருந்தது. கார்பனோட நாலு கையும் நாலு திசையில, நான்முகி வடிவத்துல நீட்டிட்டு இருக்குன்னு வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியா சொன்னது 1874-ல தான். அங்க இருந்துதான் 109.5 டிகிரிங்கிற எண் வருது, இன்னைக்கு சாஃப்ட்வேர்ல ஒரு கார்பனை கிளிக் பண்ணா நாலு ஹைட்ரஜனோட மீத்தேன் வந்து உக்காருதே அதுக்கும் அதே கோணம்தான்.

அப்புறம் பல வருஷம் கம்பி, தகடு, பிளாஸ்டிக் வச்சுத்தான் மாடல் கட்டினாங்க. வாட்சனும் கிரிக்கும் 1953-ல டிஎன்ஏ-வை உலோகத் தகடு வச்சு கட்டினாங்க. திரையில மூலக்கூறைச் சுத்திப் பாக்குற வேலையை 1960-கள்ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல சைரஸ் லெவிந்தால் ஆரம்பிச்சாரு, கையால உருட்டுற ஒரு உருண்டையைத் திருப்பினா திரையில புரோட்டீன் திரும்பும், அதோட வாரிசுதான் இன்னைக்கு நாம மவுஸை இழுத்துத் திருப்புறது.

சரி, பைப்பரினைக் கட்டுவோம். ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது அவகேட்ரோ, இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும், சாதாரண லேப்டாப்பே போதும். டிரா டூலை எடுத்து கருப்புத் திரையில கிளிக் பண்ணா ஒரு கார்பன், கிளிக் பண்ணி இழுத்தா ரெண்டு கார்பன் நடுவுல ஒரு பாண்டு, அதாவது பிணைப்பு, பாண்டு மேலயே கிளிக் பண்ணா சிங்கிள் டபுள் ஆகும், ஹைட்ரஜனை எல்லாம் அதுவே போட்டுக்கும்.

பைப்பரினை நாலு துண்டா பாருங்க. ஒரு ஓரத்துல ஆறு அணு வளையம், அஞ்சு கார்பன் ஒரு நைட்ரஜன். அந்த நைட்ரஜனை ஒட்டி ஒரு கார்பன், அதுல டபுள் பாண்டோட ஒரு ஆக்சிஜன், இந்த ஜோடிக்குப் பேரு அமைடு. அதுக்கப்புறம் நாலு கார்பன் சங்கிலி, அதுல ரெண்டு டபுள் பாண்டு. கடைசியில பென்சீன் வளையம், அதோட முதுகுல ரெண்டு ஆக்சிஜனும் நடுவுல ஒரு கார்பனும் சேர்ந்த இன்னொரு குட்டி வளையம். இதை மவுஸால வரைஞ்சா முதல்ல கோணல் மாணலாத்தான் வரும், ஒரு பாண்டு 3 ஆங்ஸ்ட்ராம் நீளம், இன்னொண்ணு அரை ஆங்ஸ்ட்ராம்னு, பரவாயில்ல. இந்தக் கட்டத்துல நீங்க சரியா கொடுக்க வேண்டியது எது எதோட ஒட்டியிருக்கு, எத்தனை பாண்டு, டபுள் பாண்டுக்கு எந்தப் பக்கம் எது இருக்குங்கிறதை மட்டும்தான்.

வரையப் பொறுமை இல்லன்னா இன்னொரு வழி இருக்கு, ஸ்மைல்ஸ். 1980-கள்ல டேவிட் வைனிங்கர் உருவாக்கின எழுத்துமுறை, மூலக்கூறை ஒரே வரியில டைப் பண்ணிடலாம். எத்தனால்னா சி சி ஓன்னு மூணே எழுத்து, ஹைட்ரஜனை எழுதவே வேணாம். வளையம்னா எந்த ரெண்டு அணு கை கோக்கணுமோ அதுங்க பக்கத்துல ஒரே நம்பரைப் போடணும், டபுள் பாண்டுக்கு சமக்குறி. டபுள் பாண்டோட ரெண்டு பக்கமும் இருக்குறது எதிரெதிரா இருக்கா, ஒரே பக்கமா இருக்கான்னு சொல்ல சாய்வுக்கோடு. இந்தச் சாய்வுக்கோட்டை விட்டுட்டீங்கன்னா சாஃப்ட்வேர் தனக்குத் தோணினதைப் போட்டுக்கும், அது தப்பாவும் இருக்கலாம், இதுக்குப் பின்னாடி வரேன்.

இப்ப முக்கியமான இடம், ஆப்டிமைஸ். கோணல் மாணலா வரைஞ்ச படம் அந்தப் பட்டனை அழுத்தினதும் ஒரு குலுக்கு குலுக்கி நிமிர்ந்து அழகா ஆயிடும், பலரும் இதைப் பாத்துட்டு கம்ப்யூட்டருக்கு கெமிஸ்ட்ரி தெரியும்னு நெனச்சுக்குறாங்க. அதுக்குத் தெரிஞ்சது ஸ்பிரிங் மட்டும்தான். ஒவ்வொரு பாண்டையும் ஒரு ஸ்பிரிங்கா வச்சுக்கோங்க. கார்பன் கார்பன் சிங்கிள் பாண்டுக்கு இயல்பான நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், டபுளுக்கு 1.34, பென்சீன் வளையத்துல ரெண்டுக்கும் நடுவுல 1.40 பக்கம். இதைவிட நீட்டினாலும் எனர்ஜி ஏறும், அமுக்கினாலும் ஏறும். கோணத்துக்கும் அதே மாதிரி ஒரு ஸ்பிரிங். பாண்டை அச்சா வச்சு முறுக்குறதுக்கு ஒரு கணக்கு, டபுள் பாண்டை முறுக்கணும்னா ரொம்ப செலவாகும், சிங்கிளை லேசா முறுக்கிடலாம். நேரடியா ஒட்டாத அணுக்கள் ரொம்ப நெருங்கினா தள்ளிக்கும், கொஞ்சம் தள்ளி இருந்தா லேசா இழுத்துக்கும். கடைசியா ப்ளஸ் மைனஸ் சார்ஜ் கணக்கு. இதெல்லாம் சேர்த்து ஒரே எண்ணா கூட்டுறதுக்குப் பேருதான் ஃபோர்ஸ் ஃபீல்டு.

ஆப்டிமைஸ் பண்ணும்போது கம்ப்யூட்டர் அந்த 120 எண்ணையும் துளித்துளியா நகர்த்தி, எந்தப் பக்கம் நகர்ந்தா எனர்ஜி குறையுதோ அந்தப் பக்கமே போகுது, இனி எங்க நகர்ந்தாலும் ஏறத்தான் செய்யும்னு ஒரு இடம் வந்ததும் நின்னுடும். அவகேட்ரோவுல ஃபோர்ஸ் ஃபீல்டு தேர்ந்தெடுக்குற இடத்துல எம்எம்எஃப்எஃப்94, யுஎஃப்எஃப்னு பேருங்க இருக்கும். பைப்பரின் மாதிரி கரிம மூலக்கூறுக்கு எம்எம்எஃப்எஃப்94 நல்லா வரும், உலோகம் உள்ள மூலக்கூறுன்னா அதுக்கு வழி தெரியாது, அப்ப யுஎஃப்எஃப்-க்குப் போகணும், அது தனிம அட்டவணை முழுக்கவும் சமாளிக்கும், ஆனா துல்லியம் குறைவு. இன்னொண்ணு, கீழ வர்ற எனர்ஜி எண்ணை வச்சு பைப்பரின் காஃபினைவிட உறுதியானதுன்னு எல்லாம் சொல்லக் கூடாது. அந்த எண்ணுக்குத் தனியா அர்த்தம் கிடையாது, ஒரே மூலக்கூறோட ரெண்டு வடிவத்தை, ஒரே ஃபோர்ஸ் ஃபீல்டுல ஒப்பிடத்தான் அது உதவும்.

இனி எழுதப்போறதுதான் நான் இந்தக் கட்டுரையையே எழுதக் காரணம். எனர்ஜி குறையுற பக்கமே போய் நிக்குதுன்னு சொன்னேன்ல, அது போய் நிக்குறது பக்கத்துல இருக்குற பள்ளத்துல. மழைத்தண்ணி மாதிரி நெனச்சுக்கோங்க, மேட்டுல விழுந்த தண்ணி ஓடி பக்கத்துல ஒரு குழி இருந்தா அங்கேயே தேங்கிடும், அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரியே இருந்தாலும் அதுக்குத் தெரியாது. சைக்ளோஹெக்சேன்ல இதைக் கண்ணால பாக்கலாம், ஆறு கார்பன் வளையம், அதோட நல்ல வடிவம் நாற்காலி, பக்கவாட்டுல பாத்தா சாய்வு நாற்காலி மாதிரி ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். நான் மாடலிங் பழக ஆரம்பிச்ச புதுசுல ஆறு கார்பனை வட்டமா வரைஞ்சு ஆப்டிமைஸ் பண்ணேன், பாக்க அம்சமா இருந்தது, எந்தப் பாண்டு நீளத்தை அளந்தாலும் சரியா இருந்தது, கோணமும் சரி, அதை வச்சே ரெண்டு நாள் அடுத்தடுத்த வேலையும் பண்ணிட்டேன். அப்புறம் முறுக்குக் கோணத்தை, அதாவது வரிசையா நாலு அணுவை எடுத்தா நடுப் பாண்டை அச்சா வச்சு எவ்வளவு முறுக்கியிருக்குங்கிறதை, அளந்தப்பதான் தெரிஞ்சது, அது நாற்காலியே இல்ல, ட்விஸ்ட் போட்டுன்னு சொல்ற முறுக்கின படகு. நாற்காலியில வளையத்தைச் சுத்தி ஆறு முறுக்குக் கோணமும் 55 டிகிரி பக்கமா ப்ளஸ் மைனஸ்னு மாறி மாறி வரும், எனக்கு வந்தது 30 பக்கமும் 60 பக்கமும் கலந்து. எனர்ஜி வித்தியாசம் மோலுக்கு சுமார் 23 கிலோஜூல், அறை வெப்பநிலையில நிஜ சைக்ளோஹெக்சேன் கிட்டத்தட்ட முழுக்க நாற்காலியாத்தான் இருக்கும், அப்ப நான் ரெண்டு நாளா வச்சுப் பாத்துட்டு இருந்தது உண்மையில இல்லாத ஒண்ணை. சாஃப்ட்வேர் தப்பு பண்ணல, நான் கேட்டதுக்கு சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு, பக்கத்துப் பள்ளம் எதுன்னு கேட்டேன், காட்டிடுச்சு.

அதனால ஒரு தடவை ஆப்டிமைஸ் பண்ணி நிறுத்தாதீங்க. ஒரு அணுவைப் பிடிச்சு வேற பக்கம் இழுத்துவிட்டு மறுபடி ஆப்டிமைஸ் பண்ணுங்க, எனர்ஜி இன்னும் இறங்குதான்னு பாருங்க. இதையே சாஃப்ட்வேர் தானா செய்யிறதுக்குப் பேரு கன்ஃபார்மர் சர்ச், சுத்தக்கூடிய சிங்கிள் பாண்டு ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பி வச்சு, ஒவ்வொரு தடவையும் பள்ளத்துல இறக்கி, எது ஆழம்னு பாக்கும். சின்ன மூலக்கூறுக்கு இது சீக்கிரம் முடிஞ்சிடும், ஆனா சுத்தக்கூடிய பாண்டு 10 இருந்து ஒவ்வொண்ணும் மூணு நிலையில நிக்க முடியும்னா மொத்தம் 59,049 வடிவம், அப்ப எல்லாத்தையும் பாக்காம கொஞ்சத்தைக் குத்துமதிப்பா எடுத்துத்தான் தேடும்.

இப்ப நம்ம பைப்பரினை அளந்து பாப்போம். மெஷர் டூலை எடுத்துக்கோங்க, ரெண்டு அணுவை கிளிக் பண்ணா தூரம், மூணுன்னா கோணம், நாலுன்னா முறுக்குக் கோணம். முதல்ல ஆறு அணு வளையம் நாற்காலியா நிக்குதான்னு பாருங்க, சைக்ளோஹெக்சேன்ல மாட்டின அதே குழியில இங்கயும் மாட்ட வாய்ப்பிருக்கு. அடுத்தது சங்கிலியில இருக்குற ரெண்டு டபுள் பாண்டு, ஒவ்வொண்ணையும் சுத்தி நாலு கார்பனை வரிசையா கிளிக் பண்ணா 180 டிகிரி பக்கம் வரணும். 0 வந்தா நீங்க கட்டினது பைப்பரின் இல்ல, அதே 40 அணு அதே பாண்டு இருந்தாலும் வேற மூலக்கூறு. எத்தனை தடவை ஆப்டிமைஸ் பண்ணாலும் 0-வுல இருந்து 180-க்குப் போகவே போகாது, நடுவுல அவ்வளவு பெரிய மலை, வரையும்போதே சரியா வரைஞ்சாத்தான் உண்டு, சாய்வுக்கோட்டை விட்டா வம்புன்னு சொன்னது இதுக்குத்தான்.

மூணாவதா அமைடு. நைட்ரஜனுக்கும் அந்த ஆக்சிஜன் ஒட்டின கார்பனுக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளங்க, நாம வரைஞ்சது சிங்கிள் பாண்டுதான், சாதாரண கார்பன் நைட்ரஜன் சிங்கிள் பாண்டு 1.47 ஆங்ஸ்ட்ராம், ஆனா இங்க 1.35 பக்கம் வரும். நைட்ரஜன்கிட்ட இருக்குற எலக்ட்ரான் ஜோடி ஆக்சிஜன் பக்கம் சாய்ஞ்சு போறதால அந்தப் பாண்டு பாதி டபுள் மாதிரி நடந்துக்குது, அதனால நைட்ரஜனைச் சுத்தி எல்லாம் தட்டையாயிடும், லேசுல சுத்தவும் விடாது. ஃபோர்ஸ் ஃபீல்டு எழுதினவங்க இந்த நைட்ரஜனை அமைடு நைட்ரஜன்னு தனி வகையாவே வச்சிருக்காங்க, அதனாலதான் அது சரியா வருது.

இந்தத் தட்டை அமைடைப் பத்தி பேசும்போது சென்னையைத் தாண்டிப் போக முடியாது. நம்ம உடம்புல உள்ள புரோட்டீன் எல்லாமே அமினோ அமிலங்களை இதே அமைடு பாண்டால கோத்த சங்கிலிதான். அமைடு தட்டையா நின்னுடுறதால ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் முதுகெலும்புல சுத்தக்கூடியது ரெண்டே கோணம்தான், ஃபை, சை. சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேரும் 1963-ல ஒரு கேள்வி கேட்டாங்க: இந்த ரெண்டு கோணத்தையும் எல்லா அளவுலயும் மாத்திப் பாத்தா எதெதுல அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காம இருக்கும்? ஃபை ஒரு அச்சு, சை ஒரு அச்சுன்னு போட்டு வரைஞ்சா கட்டத்துல பெரும்பகுதி இடிக்கிற இடம், சில தீவுகள்தான் அனுமதி. அதுதான் ராமச்சந்திரன் பிளாட். அணுவைக் கெட்டி உருண்டையா நெனச்சு, தூரத்தை மட்டும் பாத்து போட்ட கணக்கு அது, ஆனா புரோட்டீன் சங்கிலி சுருளா நிக்கிற ஆல்ஃபா ஹெலிக்ஸ், விரிச்ச தாள் மாதிரி நிக்கிற பீட்டா ஷீட் ரெண்டும் சரியா அந்தத் தீவுகள்லயே வந்து விழுது. இன்னைக்கும் உலகத்துல எந்த லேப்ல புரோட்டீன் வடிவத்தைக் கட்டி புரோட்டீன் டேட்டா பேங்க்ல சேர்த்தாலும், அதோட சரிபார்ப்பு அறிக்கையில எத்தனை அமினோ அமிலம் இந்தத் தீவுகளுக்கு வெளிய நிக்குதுன்னு ஒரு வரி இருக்கும். கிண்டியில போட்ட கணக்கு இத்தனை வருஷம் கழிச்சும் ஒவ்வொரு புது வடிவத்தையும் சோதிச்சுட்டு இருக்குன்னு நெனச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு, நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இது தெரியவே தெரியாதுங்கிறது வருத்தமாவும் இருக்கு.

புரோட்டீனை நாம மவுஸால வரையத் தேவையில்ல, ஆயிரக்கணக்குல அணு இருக்கும். புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-ல ஏழு வடிவத்தோட ஆரம்பிச்சது, இப்ப 2 லட்சத்துக்கு மேல, எல்லாமே சோதனையில அளந்து கட்டினது, யார் வேணா இலவசமா இறக்கிக்கலாம். சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல நோபல் வாங்கிக் கொடுத்த, செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கிற ரைபோசோம் பத்தின ஆராய்ச்சியில கிடைச்ச வடிவமும் அதுல இருக்கு, திறந்து சுத்திப் பாருங்க, லேப்டாப் கொஞ்சம் திணறும். சின்ன மூலக்கூறுக்கு பப்கெம் தளத்துல போய் பேரைப் போட்டா பலதுக்கும் 3டி ஃபைல் ரெடியாவே கிடைக்கும், நீங்க கட்டினதை அதோட வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம், ஆனா அதுவும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தந்த ஒரு வடிவம்தான், அந்த மூலக்கூறுக்கு அது ஒண்ணுதான் வடிவம்னு எடுத்துக்காதீங்க.

ஸ்பிரிங் கணக்கால முடியாததும் இருக்கு. பாண்டு உடையிறது, புதுசா சேர்றது, ஒளியை உறிஞ்சுறது இதெல்லாம் எலக்ட்ரான் விவகாரம், இந்த ஸ்பிரிங் அறுந்து போகாது, அறுக்கவும் தெரியாது. அதுக்கு குவாண்டம் கணக்குப் போடுற சாஃப்ட்வேர் வேணும், அவகேட்ரோவுல கட்டின அந்த 120 எண்ணைத்தான் அதுக்கு உள்ள கொடுப்போம், ஆரம்ப வடிவம் படகா இருந்தா மணிக்கணக்குல ஓடி படகுக்குத்தான் பதில் வரும்.

மிளகுலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. மிளகை வெளிச்சத்துல வச்சா காரம் குறையும், வெளிச்சம் பட்டு பைப்பரினோட டபுள் பாண்டு திரும்பி ஐசோசாவிசின்னு ஒண்ணு ஆகுது, அதுக்குக் காரம் கிட்டத்தட்ட இல்ல. ஏன் திரும்புதுன்னு ஸ்பிரிங் சொல்லாது, ஆனா திரும்பினப்புறம் எப்படி இருக்கும்னு நீங்களே கட்டிப் பாக்கலாம். பைப்பரினோட ஸ்மைல்ஸ் வரியை எடுங்க, பென்சீன் வளையத்துக்கும் அதுக்குப் பக்கத்துல இருக்குற டபுள் பாண்டுக்கும் நடுவுல வர்ற சாய்வுக்கோடு ஒண்ணை மட்டும் எதிர்ப்பக்கமா சாய்ச்சுப் போடுங்க, ஆப்டிமைஸ் பண்ணுங்க, நீளமா நீட்டிட்டு இருந்த மூலக்கூறு அந்த இடத்துல மடங்கி நிக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இந்த ஓரத்து நைட்ரஜன்ல இருந்து அந்த ஓரத்துல ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவுல இருக்குற கார்பன் வரைக்கும் மெஷர் டூல்ல தூரம் அளந்து குறிச்சு வச்சுக்கோங்க.